எதையும் மறைக்காதவள்

"அம்மாவுக்குத் தலையில அடிபட்டுருச்சுங்க. அதுல பேச்சு மாறிப்போச்சுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

இதை அவள் எத்தனை பேரிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன் என்று இப்போது நினைவில்லை. பஸ் கண்டக்டரிடம், கீரைக்காரம்மாவிடம், கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம், கோயில் வரிசையில் முன்னால் நின்றவர்களிடம். குரலில் கெஞ்சல் இருக்காது, அழுகையும் இருக்காது. மேட்டுப்பாளையம் பஸ் எப்போது வரும் என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சொல்லுவாள். சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வேலையைப் பார்ப்பாள்.

அப்போது அவளுக்கு இருபது வயது, எனக்கு இருபத்திரண்டு. தொண்ணூறுகளின் தொடக்கம். பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஆறு வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த லைன் வீட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இருவரும் ஒரே பம்ப் கம்பெனியில், மோட்டாருக்குள் வைக்கும் செம்புக்கம்பிச் சுருளை, அதாவது 'காயில்', சுற்றும் வேலையில் இருந்தோம். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை அம்மணி என்பேன். இங்கேயும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். பெயர் வேண்டாம்.

அவளுடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துப் போடும் வேலை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள், ஆனால் அத்தை அதிலும் ஒரு படி மேல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "இன்னும் கொஞ்சம் வாங்கிக்குங்க கண்ணு" என்பார். வாசலில் வந்து நிற்கும் ஆட்டைக்கூட "அக்கட்ட போங்க சாமி" என்றுதான் விரட்டுவார். தனக்கு இது வேண்டும் என்று அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆடி மாதம், காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மாமா, அதாவது அம்மணியின் அப்பா, மொபெட்டில் அத்தையை ஏற்றிக்கொண்டு ஒரு சீர் விசேஷ வீட்டுக்குப் போனார். வழியில் அத்தையின் சேலைத் தலைப்பு பின் சக்கரத்தில் சிக்கி, அவரை அப்படியே இழுத்துத் தார் ரோட்டில் போட்டுவிட்டது. மாமாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அத்தை பன்னிரண்டு நாள் கண் திறக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் விழித்தார். நர்ஸ் பால் கொண்டுவந்தார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போடி அக்கட்ட" என்றார். அந்த வாயில் 'டி' என்ற எழுத்தைக் கட்டிலைச் சுற்றி நின்ற நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

அம்மணி நேராக டாக்டரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் இங்கிலீஷ் கலந்து ஏதோ சொன்னார். "புரியலீங்க, மறுக்காச் சொல்லுங்க" என்றாள். மறுபடி சொன்னார். "இன்னும் புரியலீங்க. படம் போட்டுக் காட்டுவீங்களா?" டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு தலையை வரைந்து, நெற்றிக்குப் பின்னால் ஒரு இடத்தைப் பேனாவால் கருக்கினார். "இந்த எடத்துலதாம்மா அடி. எதைப் பேசணும், எதைப் பேசக்கூடாதுன்னு நிதானிக்கற எடம். ஞாபகமும் தங்கறது கஷ்டம். நடப்பாங்க, சாப்பிடுவாங்க, கொஞ்சங்கொஞ்சமாத் தேறுவாங்க. ஆனா பழைய ஆளா வருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

"தேங்ஸ்ங்க" என்று அந்தச் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். மாமாவின் அக்கா வந்து, யாரோ எதையோ செய்துவைத்துவிட்டார்கள், மந்திரிக்க வேண்டும் என்று ஆரம்பித்தபோது அதைத்தான் எடுத்துக் காட்டினாள். "இந்த எடத்துல அடிங்க. யாரும் ஒண்ணும் செய்யலீங்க. ரோடுதான் செஞ்சுது." அந்த அம்மாள் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு மந்திரிக்கிற பேச்சை எடுக்கவில்லை.

கம்பெனி வேலையை அவள் விட்டுவிட்டாள். பட்டறைக்காரர் ஒருவர் வீட்டிலேயே காயில் சுற்றித் தரச்சொல்லிக் கையால் சுழற்றும் சின்ன மிஷின் ஒன்றைக் கொடுத்தார். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சுற்றினாள். அத்தைக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கப் பிடிக்காது. அதனால் எங்கே போனாலும் கூட்டிப்போவாள். லைன் வீட்டுப் பெண்கள் என் வழியாகச் சொல்லிப் பார்த்தார்கள். பஸ்ஸில் ஒரு பெரியவரைப் பார்த்து அத்தை "மூக்கைச் சிந்திட்டு வாடா" என்றாராம், கடையில் தராசைப் பிடித்து இழுத்தாராம், எதற்கு ஊர் பார்க்கக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டும் என்று.

நான் போய்ச் சொன்னேன். அவள் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவிய சொல்றது செரிதானுங்க்கா. ஆனா அம்மா என்ன திருடிட்டாங்களா, உள்ள வச்சுப் பூட்டறதுக்கு?"

எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்படி எல்லாவற்றையும் வெளிச்சத்தில் போட்டுக்கொண்டு ஒருத்தி இருந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும்.

அடுத்த தை மாதம் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நல்ல இடம், பையன் சொந்தமாகத் தறி வைத்திருந்தான். மாமாதான் என்னிடம் வந்து கேட்டார். விபத்துக்குப் பிறகு அவர் மொபெட்டைத் தொடவில்லை. ஃபவுண்டரிக்கு நடந்தே போவார், நடந்தே வருவார். வீட்டில் அத்தை இருக்கும் அறையில் இருக்கமாட்டார். குனிந்த தலையோடு, "கண்ணு, அன்னிக்கு ஒரு ரெண்டு மணி நேரம் அத்தைய உங்கூட்டுல வச்சுக்கறியா? டிவி போட்டு உட்டா உக்காந்திருப்பா" என்றார்.

நான் உடனே சரி என்றேன். எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அன்றைக்குக் காலையில் அத்தையைக் கூப்பிடப் போனபோது, அம்மணி அவருக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டிவிட்டிருந்தாள். நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்ததும், "அவங்க இங்கதானுங்க்கா இருப்பாங்க" என்றாள்.

"ஒரு ரெண்டு மணி நேரந்தான அம்மணி. நெலமைய அப்பறமாச் சொல்லிக்கலாம்."

"இன்னைக்கு மறைச்சா நாளைக்கும் மறைக்கோணும். கல்யாணத்துல எங்க கொண்டுபோயி மறைக்கறது? எனக்குக் கொழந்தை பொறந்தா பாக்க வரவேண்டாம்னு சொல்றதா? என்னால ஆவாதுங்க்கா."

வந்தார்கள். காபி கொடுத்தாள். பையனின் அம்மா உட்காருமுன்பே அந்த மூன்று வரியைச் சொல்லிவிட்டாள். அவர்கள் பரவாயில்லை என்றுதான் தலையாட்டினார்கள். அத்தை நாற்காலியில் அழகாக உட்கார்ந்து பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "இவனுக்கு ஏன் காது இத்தாச்சோடு பெருசா இருக்குது? இவன் வேண்டாம், எந்திரிச்சுப் போகச்சொல்லு" என்றார்.

பையன் சிரித்துவிட்டான். அவனுடைய அம்மா சிரிக்கவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனார்கள், சொல்லி அனுப்பவில்லை. மாமா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் அம்மணியிடம் போய், அப்பா சொன்னதைக் கேட்டிருந்தால் கல்யாணம் நடந்திருக்குமே என்று கடுமையாகவே பேசினேன். "எனக்கும் புடிச்சிருந்துதுங்க்கா அவரை" என்று மட்டும் சொன்னாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. அப்போதுதான் அவள் எதை விட்டுக்கொடுத்தாள் என்பது எனக்கு உறைத்தது.

அவளைப் பற்றி நான் நினைக்கும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது அதற்குப் பிறகு நடந்த ஒன்றுதான். கோடையில் ஒரு நாள் மத்தியானம், கரண்ட் இல்லை. அன்று எனக்குக் கம்பெனி லீவு. மிஷின் சத்தம், ஃபேன் சத்தம் எதுவும் இல்லாததால் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு விட்டால்கூடக் கேட்கும். "அய்யோ, என்னம்மா பண்ணிப்போட்டீங்க" என்று ஒரு குரல். அடுத்து ஒரு அறை விழுந்த சத்தம். தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் எழுந்து வாசல் வரை போனேன், உள்ளே போகத் தைரியம் வரவில்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். எனக்குக் கேட்டது அவளுக்குத் தெரியாமலே போகட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பொதுக் குழாயில் குடங்களோடு நாங்கள் ஐந்தாறு பேர் நின்றோம். அவள் வந்து குடத்தைக் கீழே வைத்தாள்.

"நேத்து அம்மாவ அடிச்சுப்போட்டேனுங்க" என்றாள், பொதுவாக எல்லாரையும் பார்த்து.

கடைசி வீட்டு அக்கா, "ஆத்தரத்துல வர்றதுதான் அம்மணி. அவியளுக்கு நெனப்பா இருக்கப்போவுது? உடு" என்றார்.

"நெனப்பில்லீங்க. காலையில எந்திரிச்சு, கன்னம் ஏண்டி வலிக்குதுன்னு கேட்டாங்க. நாந்தானுங்கம்மா அடிச்சேன்னு சொன்னேன்."

"அதை எதுக்கு அம்மணி சொன்னே?" என்றேன் நான். என்னையறியாமல் வந்துவிட்டது.

"பின்ன யாரு சொல்லுவாங்க்கா? அவங்களுக்குத்தான் நெனப்பில்லியே." குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தும் யாரும் குழாயை மூடவில்லை. "ஏண்டி அடிச்சேன்னு கேட்டாங்க. நாலு நாளா சுத்தி வச்ச காயிலையெல்லாம் கத்திரிக்கோல எடுத்து வெட்டிப்போட்டீங்க, சாயங்காலம் குடுக்கோணும், அந்தக் கோவத்துல அடிச்சுப்போட்டேன்னு சொன்னேன். சித்த நேரம் ரோசனை பண்ணுனாங்க. 'செரி, அப்ப நானும் ஒண்ணு குடுக்கறேன்'னு இழுத்து ஒண்ணு உட்டாங்க பாருங்க." கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். விரல் பதிந்திருந்தது.

எல்லாரும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் கோணியது, குடத்தின்மேல் கையூன்றி அழுதாள். விபத்துக்குப் பிந்தைய அந்த எட்டு ஒன்பது மாதத்தில் அவள் அழுது நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "எனக்குத் தெனமும் மத்தியானம் ஒரு மணி நேரம் வேணுமுங்க. இல்லீனா மறுக்காவும் அடிச்சுப்போடுவேன். ஆளுக்கு ஒரு நாள் அம்மாகூட உக்காந்திருப்பீங்களா?" என்று கேட்டாள்.

அவள் எங்களிடம் கேட்ட முதல் உதவி அது. அதுவரை அத்தையைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொண்டவர்கள்கூடச் சரி என்றார்கள். என் முறை ஞாயிற்றுக்கிழமை. முதல் வாரம் பயந்துகொண்டே போனேன். அத்தை என்னை யாரென்று கேட்டார், சொன்னேன். அஞ்சு நிமிஷம் கழித்து மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை, "இவ என்ன சொன்னதையே சொல்லிட்டிருக்கறா" என்று அலுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு மணி நேரம் அம்மணி எங்கே போவாள் என்று நாங்கள் கேட்டதில்லை. அவளே ஒரு நாள் சொன்னாள்: "சும்மா ரயில்வே கேட் வரைக்கும் நடந்து போயிட்டு வாரனுங்க்கா. யாருகூடவும் பேசாம."

மாமாவின் விஷயம் அந்த ஐப்பசியில் நடந்தது. நான் குழம்பு கொடுக்கப் போயிருந்தேன். மாமா ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தைக்கு அப்போது பேச்சு ஓரளவு நிதானப்பட்டிருந்தது. தலையைத் தடவிக்கொண்டே, "எனக்கு எப்படி அடிபட்டுது?" என்று கேட்டார்.

"மொபெட்டுல இருந்து உழுந்துட்டீங்கம்மா."

"யாரு ஓட்டுனா?"

அம்மணி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, அம்மா கேக்கறாங்க. நீங்களே சொல்லுங்க" என்றாள். குரலில் அதட்டல் இல்லை. குடிக்கத் தண்ணீர் நீட்டுவதுபோல்தான் இருந்தது.

மாமா செருப்பை ஓரமாக வைத்தார். "நாந்தாம்மா ஓட்டுனேன்" என்றார்.

"சேலை சிக்குனதப் பாக்கலியா?"

"பாக்கல. காத்துல ஒண்ணும் கேக்கல."

"கண்ணு எங்க வச்சிருந்தே? நீயெல்லாம் ஒரு ஆளா?" என்று அத்தை பிடித்துக்கொண்டார். மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் குழம்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அத்தைக்கு எதுவும் ஞாபகமில்லை. மறுபடி அதே கேள்வி. மாமா மறுபடி சொன்னார். ஒரு மாதத்துக்கும் மேல் தினமும் சாயங்காலம் இது நடந்தது. சுவர் வழியாக எங்களுக்குக் கேட்கும். சில நாள் திட்டு, சில நாள் அழுகை. ஒரு நாள் "பாக்கலன்னா என்ன பண்றது, வேணும்னேவா பண்ணுனே? வந்து சோத்தத் தின்னு" என்று அத்தையின் குரல் வந்தது. அதற்குப் பிறகு மாமா அத்தையின் அறையிலேயே உட்கார ஆரம்பித்தார். நைட் ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொண்டு பகலில் அவரைப் பார்த்துக்கொண்டார். அம்மணி மறுபடி கம்பெனிக்கு வந்தாள். எனக்குப் பக்கத்து மேஜை.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி சூலூருக்குப் போய்விட்டேன். போன புதிதில் இரண்டு மூன்று தடவை பார்த்தேன், பிறகு தொடர்பு விட்டுப்போயிற்று. நாலைந்து வருஷம் கழித்து, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஈரோடு பஸ் நிற்கும் இடத்தில் அவர்கள் இருவரையும் பார்த்தேன். அம்மணி கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். கம்பெனியில் இப்போது காயில் சரிபார்க்கும் வேலையாம். கல்யாணம் ஆகவில்லை. "ரெண்டு மூணு பேரு வந்தாங்க, போனாங்க. வர்றவரு வரட்டும்" என்றாள். அத்தை பேக்கரிக்காரரை நிற்கவைத்து, எந்தத் தேங்காய் பன் பெரிது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"முன்ன இவங்க இதெல்லாம் கேக்கவே மாட்டாங்கல்ல?" என்றேன். பிறகு வெகுநாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். "பழைய அத்தைய நெனச்சுக்குவியா அம்மணி?"

"போன மாசம் அதுக்குன்னே ஒரு நாள் லீவு போட்டேனுங்க்கா" என்றாள். "அதுவரைக்கும் அவங்களுக்காக அழுவ நேரமே இல்ல. அப்பாகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன், 'இன்னைக்கு நம்ம பழைய அம்மாவுக்காக அழுவப் போறேன்'னு. கொடுமுடி போயி காவேரிப் படியில உக்காந்து மத்தியானம் வரைக்கும் அழுதேன். செத்துப்போனவங்களுக்கு அழுவற மாதிரியேதான். அப்பறம் பசிச்சுது. தண்ணியில எறங்கி முங்கிட்டு, சாப்புட்டுட்டு ஊட்டுக்கு வந்தேன்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"சொன்னேனே. தலை ஈரமா இருக்குது, எங்க போனேன்னு கேட்டாங்க, சொல்லிப்போட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அழுததப் பத்தி ஒண்ணுமே கேக்கலீங்க்கா. 'என்னைய உட்டுட்டு நீ மட்டும் ஆத்துல குளிச்சியா'ன்னு ஒரே சண்டை. ஆச்சரியம் என்னன்னா, மறுநாளும் அதை மறக்கல. ஒரு மாசமாக் கேட்டுட்டே இருக்கறாங்க. அதான் இன்னைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அதற்குள் ஈரோடு பஸ் உள்ளே திரும்பியது. அத்தை பன்னை வாயில் கவ்விக்கொண்டு, சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகி, இறங்குகிறவர்களை இடித்துக்கொண்டு ஏறினார். ஜன்னல் வழியாக அவர் கை தெரிந்தது. அந்தக் கையில் ஒரு துண்டு. அதைப் பக்கத்து சீட்டில் போட்டு இடம் பிடித்துவிட்டு அத்தை பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டினார்.

"பேசுனது போதும், ஏறுடி. வெயிலுக்கு முன்ன தண்ணியில எறங்கோணும்."

"வாரேனுங்க்கா" என்று சொல்லிவிட்டு அம்மணி ஓடினாள்.